பிறகு நினைவூட்டு

விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, காப்பீட்டுப் பணம் கொடுக்கலாமா கூடாதா என்று சொல்வது அவனுடைய வேலை. பள்ளம் புதுசா பழசா என்று விரலால் தடவியே சொல்லிவிடுவான். துருப்பிடித்த கீறலைக் காட்டி நேற்று இடித்தது என்று சத்தியம் செய்கிறவர்களையும், பக்கத்து வீட்டுக்காரன் வண்டியைத் தன் வண்டி என்று கொண்டுவந்து நிறுத்துகிறவர்களையும் பார்த்துப் பார்த்து, யார் எதைச் சொன்னாலும் புருவத்தைத் தூக்கும் பழக்கம் அவனுக்கு ஒட்டிக்கொண்டது. தெருவில் யாராவது "சௌக்கியமா?" என்று கேட்டால்கூட, இந்த ஆள் எதற்கு அடி போடுகிறான் என்று யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வான்.

அலுவலகத்தில் அந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இணையத்தில் கை தட்டினார்கள். சம்பளத்தைவிட அதுதான் அவனுக்கு இனித்தது.

தொழில்நுட்பச் செய்திகள் போடும் தளம் ஒன்று உண்டு. அங்கே செய்தியை யாரும் முழுசாகப் படிப்பதில்லை. தலைப்பைப் பார்த்த கையோடு அடியிலிருக்கும் கருத்துப் பகுதிக்கு இறங்கிவிடுவார்கள், கச்சேரி அங்கேதான். அங்கே அவன் பெயர் பூதக்கண்ணாடி. எந்த நிறுவனத்தையாவது யாராவது கொஞ்சம் பாராட்டி எழுதினால் போதும், அந்த ஆளின் பழைய கருத்துகளைத் தோண்டி எடுத்து, படங்களில் சிவப்பு வட்டம் போட்டு, இவர் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவர் என்று நிரூபித்துவிடுவான். ஒன்றிரண்டு பேரை உண்மையாகவே அப்படிப் பிடித்தும் இருக்கிறான். அதிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தரை பெருக்கும் இயந்திரத்தின் செய்தி வந்தது. வட்டமாக, சின்ன முக்காலியின் பலகை அளவில் இருக்கும். தானே வீட்டைச் சுற்றிப் பெருக்கிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். அதன் பழைய மாடலுக்கு நிறுவனம் ஒரு அப்டேட் அனுப்பியது. அதைப் போட்டால் பேட்டரி முழுசாக ஏறாது. வீடு முழுக்கச் சுற்றிய இயந்திரம் பாதி வீட்டிலேயே படுத்துவிடும். ஏன் என்று கேட்டதற்கு, உங்கள் அனுபவத்தை மேம்படுத்துவதற்காக என்று நிறுவனம் அறிக்கை விட்டது. அதே வாரம் புது மாடலும் கடைக்கு வந்தது.

கருத்துப் பகுதி கொதித்தது. "நல்லா ஓடற மெஷினை நொண்டியாக்கிட்டு அனுபவத்தை மேம்படுத்தறானாம்" என்று ஒருவர். "நாளைக்கு என் காலையும் வெட்டிட்டு, நடைப்பயணம் சுலபமாச்சும்பான்" என்று இன்னொருவர். பூதக்கண்ணாடி எழுதியதுதான் எல்லோருக்கும் மேலே நின்றது: "பழசைச் சாகடிச்சா புதுசு விக்கும். இவ்வளவுதான் கணக்கு. யாரும் அப்டேட் போடாதீங்க."

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் மட்டும் எதிர்ப்பக்கம் நின்றார். பெயர் ஈரக்குடை. கோபமில்லாமல், திரும்பத் திரும்ப ஒன்றையே எழுதினார்: "கோபம் நியாயம்தான். ஆனா அப்டேட்டைப் போட்டுடுங்க. நான் போட்டுட்டேன்."

ஏன் போட வேண்டும் என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை. காரணம் சொல்லாமல் ஒரு ஆள் ஒரு காரியத்தை வற்புறுத்தினால் பூதக்கண்ணாடிக்கு மூக்கு வியர்த்துவிடும்.

நடுவில் இரண்டாம் மாடி என்ற பெயரில் ஒரு பெண் கேட்டாள். "எங்க வீட்டுல அது குழந்தையோட தொட்டிலுக்குக் கீழேதான் சார்ஜ் ஆகுது. எனக்கு இதெல்லாம் புரியலை. போடவா, வேண்டாமா?"

ஈரக்குடை உடனே ஒரு படம் போட்டார். தன் இயந்திரத்தைக் குப்புறப் புரட்டி, எந்தப் பொத்தானைப் பிடித்து அழுத்தினால் அப்டேட் ஏறும் என்று விரல் வைத்துக் காட்டியிருந்தார். "இப்பவே போட்டுடுங்கம்மா" என்றும் எழுதியிருந்தார்.

பூதக்கண்ணாடி அதற்குக் கீழேயே எழுதினான். "போடாதீங்கம்மா. உங்க தலையில புதுசைக் கட்டப் பாக்கறாங்க. அப்டேட் கேக்கறப்போ போன்ல 'பிறகு நினைவூட்டு'ன்னு ஒரு பொத்தான் வரும். அதையே அழுத்திக்கிட்டிருங்க." அவள் நன்றி சொன்னாள். நன்றி அவனுக்குத்தான்.

இதே உபதேசத்தைத் தன் அக்காவுக்கும் அவன் செய்திருந்தான். அடுத்த தெருவில் வீட்டோடு தையற்கடை வைத்திருந்தாள் அக்கா. முழங்கால் தேய்ந்து, குனிந்து பெருக்க முடியாமல் போனபோது அந்த இயந்திரத்தை வாங்கிக் கொடுத்ததே அவன்தான். வெட்டிப்போட்ட நூலையும் துணித்துண்டையும் தின்றுவிட்டு, வெட்டுமேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். வேளாவேளைக்குத் தின்பதும் படுப்பதுமாக இருந்ததால் அக்கா அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தாள். அப்டேட் வந்த அன்று அவள் போன் செய்து கேட்டாள்.

"டேய், மாப்பிள்ளை என்னமோ கேக்கறாரு. சரின்னு அழுத்தட்டுமா?"

"வேண்டாம்கா. பிறகுன்னு அழுத்து."

"தினமும் கேக்குமே."

"தினமும் பிறகுன்னு சொல்லு. கடன்காரனுக்குச் சொல்றதில்லையா?"

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். தினமும் காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக அதை அழுத்தியும் வந்தாள். தம்பி சொன்னால் அவளுக்கு அப்பீல் கிடையாது.

ஈரக்குடை போட்ட படத்தை அவன் அலுவலகக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தான். அடிபட்ட வண்டியைப் பார்ப்பதுபோல ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தான். பிடிபட்டது. கடையில் விற்கும் எல்லா இயந்திரத்துக்கும் அடியில் வரிசை எண் அச்சிட்ட வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். அக்காவின் மாப்பிள்ளைக்கும் இருக்கிறது. இந்தப் படத்தில் அந்த இடம் வழுவழுவென்று இருந்தது. ஸ்டிக்கரை உரித்த பசைத் தடம்கூட இல்லை. அதாவது, ஒட்டவே இல்லை. விற்பனைக்கு வராமல் நிறுவனத்துக்குள்ளேயே சோதனைக்கு வைத்திருக்கும் இயந்திரம் அது. பளபளப்பான விளிம்பில் கூரை விளக்குகளின் பிம்பமும் விழுந்திருந்தது, தேன்கூட்டு வடிவத்தில். நிறுவனத்தின் வேலைவாய்ப்பு விளம்பரத்தை எடுத்து வைத்துப் பார்த்தான். அங்கேயும் அதே தேன்கூடு.

சிவப்பு வட்டங்களோடு படத்தைப் போட்டான். "ஸ்டிக்கர் எங்கே, ஈரக்குடை?" என்று மட்டும் கேட்டான்.

அதற்குப் பிறகு அவன் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. கூட்டம் ஈரக்குடையைப் பிய்த்து உதறியது. ஒருவர் படத்தை நிறுவனத்தின் அதிகாரபூர்வப் பக்கத்திலேயே கொண்டுபோய் ஒட்டி, "உங்க ஆளைக் கொஞ்சம் ஒழுங்கா நடிக்கச் சொல்லுங்க" என்று எழுதினார். பூதக்கண்ணாடிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டின்போது போனைக் கீழே வைக்கவில்லை.

அப்போதுதான் ஈரக்குடையிடமிருந்து கடைசியாக ஒன்று வந்தது.

"சரி. நான் கம்பெனி ஆள்தான். என்னைத் திட்டிக்குங்க. ஆனா அப்டேட் போடுங்க. போடாத வரைக்கும் துணி, மெத்தை பக்கத்துல வச்சு சார்ஜ் பண்ணாதீங்க."

வாசித்து முடிப்பதற்குள் அது காணாமல் போனது. அவருடைய பழைய கருத்துகளும் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் ஈரக்குடை என்ற பெயரே தளத்தில் இல்லை. ஓடிட்டான் பாரு என்று கூட்டம் கும்மாளமிட்டது.

அவனும் சிரிக்கத்தான் ஆரம்பித்தான். பாதியிலேயே சிரிப்பு நின்றுபோனது. பொய் சொல்லி மாட்டிக்கொண்ட எத்தனையோ பேரை அவன் பார்த்திருக்கிறான். மாட்டினதும் கத்துவார்கள், அழுவார்கள், மேலதிகாரியைத் தெரியும் என்பார்கள். மாட்டிக்கொண்ட பிறகு, தனக்குக் காலணா பிரயோஜனமில்லாத ஒரு தகவலைச் சொல்லிவிட்டுப் போகிற பொய்யனை அவன் பார்த்ததே இல்லை. அப்படிச் சொன்னவர்கள் எல்லோருமே உண்மை பேசினவர்கள்தான். அவன் கையாலேயே அவர்களுக்குப் பணம் ஒப்புதலாகியிருக்கிறது. இந்த ஆள் புதுசு வாங்குங்கள் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பதும் இப்போதுதான் உறைத்தது. பழசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத்தான் சொல்லியிருக்கிறார். வெளிப்படையாகக் காரணம் சொன்னால் வேலை போகும். அதனால்தான் மென்று விழுங்கினார்.

துணி என்றிருந்தாரே. அக்காவின் வெட்டுமேசைக்கு அடியில் வேறென்ன இருக்கிறது?

அக்காவுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. தையல் மெஷின் ஓடினால் அவளுக்குக் காது கேட்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடியும் போட்டான். பிறகு சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

அக்கா மேசைக்குப் பக்கத்தில் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். திரைச்சீலைக்கு வந்த துணி சுவரோரம் அவள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. மேசைக்கு அடியில், வெட்டுத்துணி மூட்டைகளுக்கு நடுவே, மாப்பிள்ளை பச்சை விளக்கோடு படுத்திருந்தது. தரையில் கீறல் விழாமலிருக்க அதற்கு ஒரு பழைய போர்வையையும் மடித்து விரித்திருந்தாள், புண்ணியவதி.

சத்தம் கேட்டு அக்கா எழுந்தாள். "என்னடா இந்நேரத்துல?"

"இது எப்படி இருக்கு?"

"ரெண்டு நாளா சரியில்லை. வயிறு உப்பின மாதிரி ஆடி ஆடி நடக்கறாரு. நானே உன்னைக் கூப்பிடணும்னு இருந்தேன்."

கை வைத்தான். இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதுபோல இழுத்துக்கொண்டான். பிளக்கைப் பிடுங்கினான். தடித்த துணி ஒன்றைச் சுற்றி இயந்திரத்தைத் தூக்கி, பின்கட்டில் இருந்த பழைய இரும்பு வாளிக்குள் போட்டுவிட்டு அக்காவைப் பின்னால் தள்ளினான். முதலில் சீறுகிற சத்தம் வந்தது. அப்புறம் வெள்ளையாகப் புகை, அதற்குப் பின்னால் நெருப்பு. வாளியின் விளிம்புக்கு மேலே எழுந்து நின்று எரிந்தது. இருவரும் சுவரோடு ஒட்டி நின்று பார்த்தார்கள்.

"இதை வச்சுக்கிட்டா நான் பக்கத்துல படுத்துத் தூங்கினேன்?" என்றாள் அக்கா. அப்புறம் அவளே கேட்டாள். "அந்த அப்டேட்டு இதுக்குத்தானாடா?"

"ஆமாக்கா. முழுசா ஏறினா சூடாகிப் பத்திக்குது."

"அதை அவன் வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"சொன்னா எல்லா மெஷினையும் திருப்பி எடுத்துக்கணும்கா."

"சரி, அவன் சொல்லலை. நீ ஏன் வேண்டாம்னே?"

அவனுக்கு அவமானமாக இருந்தது. நிறுவனம் திருட்டுத்தனம் செய்கிறது என்று அவன் சந்தேகப்பட்டது சரிதான். ஆனால் அவன் நினைத்ததைவிட அது பெரிய திருட்டு. அதை ஒரே ஒரு ஆள் உள்ளேயிருந்து ஜாடையாகச் சொல்ல வந்தார். அந்த ஆளைத் தேடிப் பிடித்து, வட்டம் போட்டு, அதே நிறுவனத்தின் கையில் கொடுத்தவன் இவன்.

வாளியிலிருந்து புகை அடங்குவதற்குள் படம் எடுத்துத் தளத்தில் போட்டான். நடந்ததை ஒளிக்காமல் எழுதினான். ஈரக்குடை சொன்னது உண்மை, தான் செய்தது தப்பு, எல்லோரும் உடனே அப்டேட் போடுங்கள், அதுவரை பிளக்கைப் பிடுங்கி வையுங்கள் என்று எழுதினான்.

முதல் பதில் உடனே வந்தது. "பூதக்கண்ணாடியும் விலை போயாச்சு."

"எவ்வளவுண்ணே குடுத்தாங்க?" என்றது அடுத்தது. வாளியின் நிழல் ஒரு பக்கமும் புகை இன்னொரு பக்கமும் சாய்கிறதே என்று ஒருவர் அம்புக்குறி போட்டுக் காட்டினார். காலையில் போடாதே, மத்தியானம் போடு, நடுவில் யார் போன் பண்ணினார்கள் என்று ஒருவர் விசாரித்தார். பிறகு ஒருவர் படத்தைப் பெரிதாக்கி, கருகிக் குழைந்து கிடந்த அடிப்பாகத்தில் சிவப்பாக ஒரு வட்டம் போட்டார். வட்டம் அவன் போடுவதைப் போலவே அழகாக இருந்தது. கீழே ஒரே வரி: "ஸ்டிக்கர் எங்கே, பூதக்கண்ணாடி?"

எரிந்துபோச்சுய்யா என்று எழுதினான். அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இவர்கள் எக்கேடும் கெடட்டும் என்று விட்டுவிடலாம். இரண்டாம் மாடியை விட முடியாது. அவளுக்குத் தனிச்செய்தி அனுப்பினான். "அம்மா, நான் சொன்னது தப்பு. முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. தொட்டில் பக்கத்துலேருந்து அதை வெளியே எடுத்து வச்சிடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

அவள் வாசித்துவிட்டாள் என்று திரை காட்டியது. பின்கட்டுப் படியில் உட்கார்ந்து, போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தான்.

பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள்.

"சார், நீங்க சொன்னீங்கன்னுதான் அந்த ஈரக்குடையை நான் நம்பலை. ஆள் யாருன்னு பாக்காம எதையும் செய்யாதீங்கன்னு நீங்கதானே எல்லாருக்கும் சொல்வீங்க. அந்த ஸ்டிக்கர் விஷயத்துக்கு மட்டும் ஒரு பதில் சொல்லிடுங்க, எடுத்து வச்சிடறேன். இப்பத்தான் குழந்தை தூங்கினான். அதுவரைக்கும் பிறகுன்னு அழுத்தியிருக்கேன்."