அம்மாவுக்காக ஒரு நாடி

மெக்லியோட் கஞ்சில் லாபிங் என்னும் காரமான குளிர் நூடுல்ஸ் விற்கும் ஜம்பெல், வெறும் வயிற்றோடு வந்து திபெத்திய மருத்துவக் கழகத்தின் வரிசையில் முதல் ஆளாக நின்றான். கதவு திறந்ததும் வைத்தியர் பெல்கியின் முன்னால் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டினான்.

"என்ன தொந்தரவு?"

"எனக்கு ஒண்ணும் இல்ல, அம்ச்சிலா" என்று வைத்தியரை மரியாதையாக அழைத்தான். "எங்கம்மாவுக்குப் பாருங்க."

பெல்கி அவன் பின்னால் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"அம்மா எங்க?"

"திபெத்துல, காம் பக்கம், எங்க ஊர்லதான். எழுபத்தாறு வயசு. எட்டு மாசமா போன் கிடைக்கல. பிள்ளை நாடியில பெத்தவங்க நோய் தெரியும்னு உங்க புத்தகத்திலயே இருக்காமே."

இருக்கத்தான் செய்தது. பதினாறு வருடங்களுக்கு முன் பரீட்சையில் அந்த அத்தியாயத்தைத் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தவள் அவள். ஒப்பித்ததோடு சரி. அப்படி யாரும் நாடி பார்த்து அவள் கண்டதில்லை. 'அதெல்லாம் இப்போ பார்க்கறதில்ல' என்று அனுப்பியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்தபின் சொல்ல வாய் வரவில்லை. விரல்களை வைத்தாள்.

இதயம், ஈரல், மண்ணீரல் எல்லாம் சீராக ஓடின. மோதிர விரலுக்கு அடியில், சிறுநீரகத்தின் இடத்தில் மட்டும் துடிப்பு அமுங்கிக் கிடந்தது. கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதேதான். இது யாருடையது? மகனுடையதா, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுடையதா?

"உங்களுக்கு இடுப்பு வலி உண்டா?"

"நாள் பூரா நின்னு யாவாரம் பண்றவனுக்கு இடுப்பு வலிக்காம வேறென்ன வலிக்கும்? அம்மாவைச் சொல்லுங்க."

"சிறுநீரகம் பலவீனமா தெரியுது. ஆனா உங்களோடதா, அவங்களோடதான்னு எனக்குச் சொல்லத் தெரியல."

"நல்லா இருக்கே. ரேடியோவுல ரெண்டு ஸ்டேஷன் சேர்ந்து கேக்கற மாதிரி."

பதினைந்து நாளைக்கு மாத்திரை எழுதினாள். கீழே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னாள்.

"அம்மாவுக்குன்னு வந்தா என்னை நோயாளி ஆக்கிட்டீங்க" என்று முனகிக்கொண்டே போனான்.

மதியம் சாப்பிடாமல் அந்த அத்தியாயத்தை எடுத்துப் படித்தாள். எப்படிப் பார்ப்பது என்று இருந்தது. எப்படிப் பிரிப்பது என்று இல்லை. தன் மணிக்கட்டிலேயே விரல் வைத்துப் பார்த்தாள். கர்நாடகத்துப் பைலகுப்பேயில் இருக்கும் அவள் அம்மாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய். தன் நாடியில் அதன் சுவடே இல்லை. அப்படியானால் ஏடு பொய்யா? அல்லது தன் விரலுக்கு அவ்வளவுதான் எட்டுமா? போன் போட்டாள். "எதுக்குடி வேலை நேரத்துல கூப்பிடறே?" என்று அம்மா திட்டினாள்.

பதினைந்தாம் நாள் ஜம்பெல் ஸ்கேன் படத்தோடு வந்தான். இடது சிறுநீரகத்தில் கல்.

பெல்கிக்கு மூச்சு வந்தது. "அப்போ உங்களோடதுதான். கொழப்பம் தீர்ந்துது."

"இருங்க, அம்ச்சிலா. முந்தாநாள் லைன் கிடைச்சுது. அம்மாவே பேசினாங்க. குளிர்காலம் பூரா கால் வீங்கி, ஒண்ணுக்குப் போக முடியாம படுத்த படுக்கையாம். இப்பத்தான் எழுந்து பால் கறக்கறாங்களாம்."

அவள் படத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"அப்போ நீங்க பார்த்தது யாரை?" என்று கேட்டான்.

"தெரியல, ஜம்பெல். சத்தியமா தெரியல."

அவனுக்குக் கோபம் வரவில்லை. சட்டைக் கையை மடித்து மறுபடி கையை நீட்டினான். "தெரியாட்டி போகுது. ஒரு தடவை பாருங்க."

பார்த்தாள். மோதிர விரலுக்கு அடியில் துடிப்பு முன்னைவிட நிமிர்ந்திருந்தது.

"கொஞ்சம் தேவல" என்றாள்.

யாருக்கு என்று அவன் கேட்கவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் போனான். அடுத்த நோயாளி வந்து உட்கார்ந்து, இருமிக் காட்டிய பிறகுதான் பெல்கி நிமிர்ந்தாள்.