ஒரு படி மிச்சம்

என் நண்பன் கயிறு வீட்டுப் பக்கம் போய் எட்டு வருஷம் ஆகிவிட்டது. ஒரே ஊர்தான், இரண்டு பஸ் மாறினால் போதும். போகாமல் இருந்ததற்குக் காரணம் தூரமில்லை, அவனிடம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம். அதைச் சொல்லிவிடுவது என்றுதான் அன்று கிளம்பினேன்.

கயிறு என்பது நாங்கள் வைத்த பேர். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் கம்பெனியில் இருபது வருஷம் நானும் அவனும் ஜோடி. அவன் போட்ட முடிச்சு எந்த மேடு பள்ளத்திலும் அவிழ்ந்ததில்லை. பிறகு ஒரு நாள் பீரோ ஒன்று அவன் மேல் விழுந்தது. முதுகு போயிற்று, வேலையும் போயிற்று. நான் அதற்கப்புறமும் எட்டு வருஷம் சாமான் தூக்கிவிட்டு, போன மாதம்தான் ஓய்வு பெற்றேன்.

கதவைத் திறந்தது அவன் மனைவி. "வாங்கண்ணே. வழி ஞாபகமிருந்துச்சா?" என்றாள். குத்தல்தான், வாங்கிக்கொண்டேன். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். மத்தியான வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் உள்ளே போய்விட்டாள்.

வீட்டைப் பார்த்து அசந்துபோனேன். ஒரு கட்டில், ஒரு உயரமான மேசை, இரண்டு நாற்காலி, அவ்வளவுதான். தரையில் துரும்பு கிடையாது. என் வீட்டிலோ ஊரார் வேண்டாமென்று விட்டுப்போனதெல்லாம் இருக்கிறது. இரண்டு சோபா, நாலு மின்விசிறி, யார் கல்யாணத்துக்கோ பரிசாக வந்த கண்ணாடிக் கிண்ணங்கள். கழிப்பறைக்குப் போகவேண்டுமென்றால் உடம்பைத் திருப்பி நண்டு மாதிரி நடக்கவேண்டும். இத்தனை வருஷம் அடுத்தவர் மூட்டையைச் சுமந்தவனுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். எனக்கு ஆசைதான் வந்தது.

"மடம் மாதிரி வச்சிருக்கேடா. இதுல்ல நிம்மதி" என்றேன்.

"நிம்மதியாவது மண்ணாவது. என்னால குனிய முடியாதுடா. இடுப்புக்குக் கீழ இருந்தது எல்லாத்தையும் அவ தூக்கிக் கொடுத்துட்டா."

அவன் செருப்புகூட ஜன்னல் திண்டின் மேல் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

இதற்கு மேல் ஒத்திப்போட்டால் சொல்லவே மாட்டேன் என்று தோன்றியது. பீரோவை மாடியிலிருந்து இறக்கும்போது கீழே பிடிப்பவன் பின்பக்கமாக இறங்குவான். படி அவன் கண்ணுக்குத் தெரியாது. மேலே பிடிப்பவன் எட்டிப் பார்த்து மிச்சப் படிகளை எண்ணிச் சொல்வான்: மூணு, ரெண்டு, ஒண்ணு, தரை. தரை என்றதும் கீழே இருப்பவன் நம்பிக் காலை ஊன்றுவான். பீரோ விழுந்த அன்று மேலே பிடித்தவன் நான். ஒரு படி மிச்சமிருக்கும்போதே தரை என்றேன். அதைத்தான் இப்போது அவனிடம் சொன்னேன்.

"எண்ணிக்கை தெரியாம தப்பு வரலடா. கீழ கூடத்துல ஒரு தையல் மெஷின் இருந்துச்சு. வேணும்னா எடுத்துக்கங்கன்னு அந்த வீட்டுக்காரம்மா சொல்லியிருந்தாங்க. எங்க வீட்டு ஜன்னலோரமா அது அடங்குமான்னு பாத்துக்கிட்டே எண்ணினேன்."

கயிறு கன்னத்தைச் சொறிந்துகொண்டான்.

"அடங்குச்சா?"

"ம்."

வெட்கமாக இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நீ தப்பா எண்ணினது விழும்போதே எனக்குத் தெரியும்" என்றான். "சொன்னா உன் வேலைக்கு உலை வைப்பாங்கன்னு, கால் வழுக்கிடுச்சுன்னு முதலாளிகிட்ட சொன்னேன். வீட்டுலயும் அதையேதான் சொன்னேன். இவ நம்பல."

"ஏன்டா?"

"அப்பல்லாம் நான் குடிப்பேன்ல. தூக்கற நாள்ல தொடமாட்டேன்னு உனக்குத் தெரியும், இவளுக்கு எப்படித் தெரியும்? குடிச்சிட்டுத்தான் விழுந்தேன்னு முடிவு கட்டிட்டா. குடும்பத்தக் குடிச்சே நடுத்தெருவுல நிறுத்தினவன்னு இன்னிக்கும் சொல்வா."

"மன்னிச்சிடுடா."

"என்கிட்ட எதுக்கு? எனக்குப் பாதி தெரிஞ்ச கததானே." உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான். "இங்க கொஞ்சம் வா. இவன் உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்தாள். கயிறு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். எப்படியோ முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தையல் மெஷினையும் விடவில்லை.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"அப்ப நீங்க அன்னிக்குக் குடிக்கலையா?" என்று அவனிடம் கேட்டாள்.

"இல்ல."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, அவள் எழுந்திருக்கவில்லை. அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகுதான் நான் ஒருத்தன் நிற்பது நினைவுக்கு வந்ததுபோல் நிமிர்ந்தாள்.

"நீங்க கிளம்புங்கண்ணே" என்றாள். "நாங்க கொஞ்சம் பேசணும்."