சட்டைப்பையில் வண்டு வாசம்

தர்மராஜுக்கு வாய் சும்மா இருக்காது. செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுபவன். வளர்ப்புச் சேவலைப் புதரோரம் கட்டிக் கூவவிட்டு, சுற்றிலும் கண்ணி வைத்துக் காட்டுக்கோழி பிடிப்பதில் கில்லாடி. மனைவி ரோகினிக்கும் அதே தோட்டம்தான். குருத்தைத் துளைக்கும் கொம்பு வண்டுகளுக்கு வைத்த வாளிகளைப் பார்ப்பது அவள் வேலை. ஒவ்வொரு வாளிக்கு மேலேயும் வண்டின் வாசம் ஏற்றிய ஒரு மருந்துப் பொட்டலம் தொங்கும். அந்த வாசத்துக்கு வண்டு வந்து விழும்.

"வண்டு பொறுக்குறதெல்லாம் ஒரு வேலையா லா?" என்று கூட்டாளிகள் முன்னால் இவன் கேலி செய்த அன்றே, அவள் மந்தின் டவுனில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

போன் போட்டுப் போட்டுப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் சண்டைதான் வந்தது.

"உங்க சேவல் மாதிரியே கூவுறீங்க," என்றாள் கடைசியில். "அந்தக் குரலுக்குக் காட்டுக்கோழி எதுக்கு வருது? என் இடத்துல எவன்டானு சண்டைக்கு வருது. வண்டுக்கும் கொம்பு இருக்கு. ஆனா தன் கூட்டத்து வாசம் அடிச்சா போதும், ஆணும் பொண்ணும் சத்தமில்லாம வந்துரும்."

சுருக்கென்றது அவனுக்கு. அவள் இல்லாத வீட்டை நினைத்தால் பயமாகவும் இருந்தது.

மறுநாள் லீவு போட்டான். ரோகினியின் வாளிகளைத் தானே பார்ப்பதாக, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேட்டுக்கொண்டான். பனி இறங்கிய தோட்டத்தில் மரங்கள் பாதி உடம்போடு மிதந்துகொண்டிருந்தன. அவள் நடந்து நடந்து படிந்த புல் தடத்திலேயே போனான். வாளிகளுக்குள் வண்டுகள் புளியங்கொட்டைபோல் பளபளத்தன. வாளிகள் தொங்கும் கம்புகளில் அவள் கட்டிய சிவப்புக் கயிற்று முடிச்சுகளைத் தொட்டபோது, அவளே பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. எங்கோ காட்டுச்சேவல் கூவியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பழைய பொட்டலங்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புதியவற்றைக் கட்டினான்.

சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் மந்தினுக்குப் போனான். போன் பண்ணவில்லை. கதவைத் திறந்த ரோகினி முன்னால் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

இருட்டுகிற நேரம். ரீங்காரமிட்டபடி வந்த ஒரு கொம்பு வண்டு, அவன் சட்டைப்பைமேல் மோதி ஒட்டிக்கொண்டது.

ரோகினி பைக்குள் கைவிட்டுப் பொட்டலத்தை எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"என் வாளியெல்லாம் நீங்களா பாத்தீங்க?"

தலையாட்டினான்.

"பழசைத் தூக்கிப் போடாம பையில வச்சிட்டுத் திரியுறீங்களே! ஊர் வண்டெல்லாம் பின்னாலயே வரும் லா!" சிரிப்பை அடக்க முடியவில்லை அவளால். வண்டைப் பதமாகப் பிரித்தெடுத்துச் செடிப்பக்கம் விட்டாள்.

"இன்னொரு ஹெல்மெட் கொண்டாந்தீங்களா?"

கொண்டுவந்திருந்தான்.