மூன்றாம் சாக்கில் நின்றவன்

இலங்கை மலைநாட்டில் ரயில் பாதை பண்டாரவளை வரைக்குமே போட்டிருந்த காலம் அது. தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து அரைக்கும் இயந்திரங்கள் மாட்டுவண்டியில் வந்தன. அவற்றைப் பூட்டித்தர ஓர் அமெரிக்கத் துரையும் கூடவே வந்தார். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கத் தெரியாத மனிதர். ஆட்கள் வேலைக்கு அணிவகுக்கும் பெரட்டுக் களத்தின் நான்கு மூலையிலும் சாக்குகளை மடித்துப் போட்டு, கொழுந்து அரைக்கும் ஸ்டோர் ஆட்களுக்குத் தன் ஊர்ப் பந்தாட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார். ஒருவன் பந்தை எறிய, இன்னொருவன் தடியால் அடிப்பான். அடித்தவன் சாக்குச் சாக்காக ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும்.

எறிகிறவன் வீரய்யா. ஓடுவதில் சூரன், அவன் மனைவி இராக்கம்மாவின் அண்ணன் ரெங்கசாமி. அசந்தால் பந்து அடிபடுமுன்பே அடுத்த சாக்குக்கு ஓடி அதைத் திருடிவிடுவான் என்பதால், வீரய்யா தோளுக்கு மேலே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

அந்த ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. அடிப்பவனை நோக்கிக் கையை ஓங்கிவிட்டால் எறிந்தே தீரவேண்டும். பாதியில் நிறுத்தினால் அது ஏமாற்று. சாக்கில் நிற்பவன் சாவகாசமாக அடுத்த சாக்குக்கு நடந்து போகலாம். ஓங்குவதற்கு முன்னால் என்றால், சாக்கை விட்டு விலகி நிற்பவனை ஆட்டமிழக்கச் செய்ய, அந்தப் பக்கம் காலை வைத்து அங்கே காவல் நிற்பவனுக்கு எறியலாம். அது நியாயம்.

வீரய்யா நியாயமாகத்தான் எறிந்தான். முதல் சாக்கை விட்டு விலகி நின்ற ரெங்கசாமி அதைத் தொடத் தலைகுப்புறப் பாய்ந்தான். பந்து அவன் பொட்டில் பட்டது. மறுநாள் விடியும்போது அவன் இல்லை. "உன்மேல குத்தம் இல்லப்பா" என்று கங்காணி சொன்னார், தொழிலாளர் குடியிருந்த லயமே சொன்னது. இராக்கம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சோறு போட்டாள், பேச்சை நிறுத்திவிட்டாள். லயத்து ஒற்றை அறைக்குள் பேசாத மனைவியோடு இருந்து பார்த்தவனுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

புதைத்துவிட்டு வரும்போது திரும்பிப் பார்த்தால் செத்தவர் கூடவே வந்துவிடுவார். இது எல்லோருக்கும் தெரியும், வீரய்யாவுக்கும் தெரியும். ஆனால் மச்சான் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரும்பிப் பார்த்தே பழகிய கழுத்தாயிற்றே! மலையிறங்கும்போது அது தன்பாட்டுக்குத் திரும்பிவிட்டது. பாவி மனுஷன், பார்த்துவிட்டான்.

கருமாதி முடிந்தபின் ஆட்டம் மறுபடி தொடங்கியது. வரமாட்டேன் என்றவனைத் துரை விடவில்லை. வீரய்யா கையை ஓங்கினான். முதல் சாக்கின் பக்கம் யாரோ காலைத் தேய்க்கும் சத்தம். கை பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தால் சாக்கு காலியாகக் கிடந்தது.

"சாக்குலே ஆள் இல்லே, அதனாலே குத்தம் இல்லே. போடு" என்றார் துரை, தனக்குத் தெரிந்த தமிழில்.

சத்தம் இப்போது இரண்டாம் சாக்கிலிருந்து வந்தது. தான் நிறுத்தியதால் மச்சான் ரெங்கசாமி சட்டப்படி ஒரு சாக்கு முன்னேறிவிட்டான் என்று புரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஓங்கினான். முதுகுக்குப் பின்னால் மூச்சு வாங்கும் சத்தம். கை மறுபடியும் நின்றது. மூன்றாம் சாக்கைப் பார்த்தான். ஒரு குதிகால் அளவுக்கு அது அமுங்கியிருந்தது. பந்தைப் போட்டுவிட்டு ஓடினான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அதன்பிறகு அவனுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை. ஒருநாள் வேலை விட்டு வந்ததும் இராக்கம்மாவிடம் சொல்லியே விட்டான்.

"ஒங்கண்ணன் மூணாவது சாக்குல நிக்கிறான் புள்ள. நான் இன்னொரு தப்பு பண்ணுனா உள்ள வந்துருவான். என்னைய உயிரோட விடமாட்டான்."

அண்ணன் செத்த நாளுக்குப் பிறகு இராக்கம்மா முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வந்தா வரட்டும். மழையிலயும் பனியிலயும் எத்தன நாளைக்கி அவர நிக்க வைப்பீங்க? எந்திரிங்க."

களத்தில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. வேறு யாரும் இல்லை. தடி பிடிப்பவன் நிற்கும் இடத்தில், ஓடுகிறவன் வந்து சேரவேண்டிய மூலையில், இராக்கம்மா போய் நின்றாள். வீரய்யா கையை ஓங்கினான். வேண்டுமென்றே பாதியில் நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது, இராக்கம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு ஓர் அடி விலகி, ஓடிவரும் யாருக்கோ இடம் விட்டாள். அவள் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி! "ஆமாண்ணே… சரிண்ணே" என்று தாழ்ந்த குரலில் பேசினாள், தலையாட்டிக் கேட்டாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"அண்ணனுக்கு ஒங்க மேல கோவம் ஒண்ணும் இல்லையாம்."

வீரய்யா அப்படியே தரையில் உட்கார்ந்து, ஓவென்று அழுதான். அவன் அழுது ஓயும்வரை அவள் காத்திருந்தாள்.

"எனக்குத்தான் இன்னும் ஆறல" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் வருபவருக்கு வழிவிட்டு நடப்பவளாக, பாதையின் ஓரத்தில் லயத்தை நோக்கி இறங்கிப் போனாள்.