இறங்கி வந்தவன்

முத்துச்செல்விக்கு அமெரிக்காவைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, கலிபோர்னியாவில் ஏதோ ஒரு சிற்றூரின் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கேமரா வழியாகக் காவல் காப்பாள். விளாங்குடியில் காலைச் சாப்பாட்டை முடித்து, பஸ் பிடித்து வந்து அமர்ந்தால், அங்கே முந்தின நாள் இருட்டிக்கொண்டு வரும். யாராவது சுவரேறிக் குதித்தால், அங்கே முற்றத்து ஒலிபெருக்கியில் கேட்கும்படி மைக்கில் எச்சரிக்க வேண்டும். அதற்கென்று சொல்லிக்கொடுத்த ஆங்கில வாக்கியங்கள் உண்டு. அதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசக்கூடாது.

அங்கே இருப்பவர்களை அவளுக்கு நடையை வைத்தே அடையாளம் தெரியும். பெயர் ஒன்றும் தெரியாது. அவர்கள் ஒருவரோடொருவர் நின்று பேசி அவள் பார்த்ததும் இல்லை. ஒரு முதியவர் மட்டும் தினமும் தன் பழுப்பு நாயோடு முற்றத்தைச் சுற்றி நடப்பார்.

தை மாதத்தில் ஒரு நாள், அவர் நடந்துகொண்டிருந்தபோது வாசல் வழியாக ஒரு கார் வேகமாக உள்ளே திரும்பியது. அதன் விளக்கு வெளிச்சத்தில் திரை முழுக்க வெள்ளையானது. வெளிச்சம் விலகியபோது முதியவர் தரையில் கிடந்தார். கார், கேமரா இல்லாத கீழ்த்தளத்துக்குள் இறங்கிப் போயிருந்தது. நம்பரும் தெரியவில்லை, ஓட்டியவரும் தெரியவில்லை. நாய் அவர் தலைமாட்டில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடியது. திரையில் படம் மட்டும்தான் வரும், சத்தம் வராது.

அங்கத்து ஆம்புலன்ஸுக்கு இங்கிருந்து நேராக போன் போட முடியாது. குடியிருப்பின் மேலாளருக்கு அடித்தாள். எடுக்கவில்லை. கம்பெனியின் அமெரிக்க அலுவலகத்துக்கு அடித்தாள். காத்திருக்கச் சொல்லிவிட்டு இசையைப் போட்டுவிட்டார்கள். சூப்பர்வைசர் அசோக்குமாரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஆள் அடிபட்டுக் கெடக்காரு. ரத்தமா போகுது."

அவன் திரையை எட்டிப் பார்த்தான். "லைன்லயே இரு, எடுப்பாங்க. மைக்க மட்டும் தொட்டுறாதம்மா. நாளைக்குக் கேஸுன்னு வந்தா நம்ம தலையிலதான் விடியும்."

இசை ஓடிக்கொண்டே இருந்தது. முதியவரின் ஒரு கை மெல்ல அசைந்தது. முத்துச்செல்வி மைக்கை அழுத்தினாள்.

ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். எல்லா ஜன்னல்களிலும் விளக்கு எரிந்தது. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு உருவம் வந்து நின்றது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

பிறகு ஒரு ஜன்னலில் விளக்கு அணைந்தது.

கீழே வருகிறார்கள் போல என்று நினைத்தாள். படிக்கட்டில் யாரும் வரவில்லை. மறுபடி சொன்னாள். இன்னொரு ஜன்னல் இருண்டது. அவள் பேசப் பேச, ஒன்றன்பின் ஒன்றாக வீடுகள் அணைந்துகொண்டே போயின. இருட்டுக்குள் ஆட்கள் நிற்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. அங்கங்கே செல்போன் வெளிச்சம் மினுங்கியது. தெரிந்த ஆங்கிலமெல்லாம் தீர்ந்துபோய், அவளையறியாமல் தமிழில் கத்தினாள்.

"யாராச்சும் எறங்கி வாங்களேன்! மனுசன் சாகக் கெடக்காரு!"

கட்டடமே இருண்டுவிட்டது. இரண்டாம் மாடியில் ஒரே ஒரு ஜன்னல் மட்டும் எரிந்தது. அதில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் அசையாமல் நின்றான்.

"வெள்ளச்சட்ட போட்ட அண்ணே, ஒங்களத்தான். நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எறங்கி வாங்கண்ணே."

அவன் தலையைத் தூக்கி நேராகக் கேமராவைப் பார்த்தான். பிறகு ஜன்னலை விட்டு நகர்ந்தான். சற்று நேரத்தில் படிக்கட்டில் தெரிந்தான். முதியவரின் பக்கத்தில் மண்டியிட்டு, போனை எடுத்துப் பேசினான். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

"ஒரு நல்ல மனுசனாச்சும் இருந்தாரேண்ணே," என்று சொல்லி அவள் அழுதாள். அசோக்குமார் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

மறுநாள் செய்தி வந்தது. முதியவர் இறந்துவிட்டார். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். காரை ஓட்டியது வெள்ளைச்சட்டைக்காரன். போலீஸ் வந்ததும் அவனே சொல்லிவிட்டான்.

சில மாதங்கள் கழித்து வீடியோவில் அவளிடம் சாட்சியம் வாங்கினார்கள். நமக்குக் காலை, அவர்களுக்கு மாலை. மொழிபெயர்க்க ஒருவர் இருந்தார். திரையில் வக்கீல்களுக்குப் பக்கத்து நாற்காலியில் அவனும் உட்கார்ந்திருந்தான், இளைத்துப் போய்.

"இடித்தது இவர்தான் என்று தெரிந்துதான் கூப்பிட்டீர்களா?" என்று அவனுடைய வக்கீல் கேட்டார்.

"இல்ல சார். அவர் வீட்ல மட்டுந்தான் லைட் எரிஞ்சுச்சு."

மொழிபெயர்ப்பு முடிந்ததும் அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். வக்கீல் தடுத்தும் பேசினான். விளக்கை அணைக்க அவன் கையும் அப்போது சுவிட்சில்தான் இருந்ததாம். அந்தக் குரல் என்ன சொன்னது என்று அவனுக்குப் புரியவே இல்லை. ஆனால் தன்னைத்தான் சொல்கிறது, எல்லாம் பார்த்துவிட்டது என்று மட்டும் புரிந்ததாம்.

முத்துச்செல்வி அரசு வக்கீலைப் பார்த்துக் கேட்டாள்.

"மத்தவங்க லைட்ட அணைச்சாங்களே சார், அவுங்கள ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?"

அரசு வக்கீல் பொறுமையாகச் சொன்னார். சொந்த வீட்டில் விளக்கை அணைப்பது குற்றமில்லை.

"அப்ப இதையும் எழுதிக்கங்க. அம்புட்டு பேருல எறங்கி வந்தது இடிச்சவர் ஒருத்தர்தான்."

அதை எழுதினார்களா என்று அவளுக்குத் தெரியாது. அவனுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்தக் குரலால் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று குடியிருப்புக்காரர்கள் புகார் கொடுத்து, முற்றத்து ஒலிபெருக்கியைக் கழற்ற வைத்தார்கள். கேமரா மட்டும் இருக்கிறது.

முத்துச்செல்வி இன்னும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அந்த முற்றத்தைக் கடக்கிற யாரும் இப்போது தலையை நிமிர்த்துவதில்லை. கேமராவுக்கு நேரே வரும்போது மட்டும் எல்லோரும் நடையைக் கொஞ்சம் எட்டிப் போடுகிறார்கள்.