கடைசிப் பத்து நிமிடம்

டங்!

பந்து கோல் கம்பத்தின் மேல்கட்டையில் மோதித் திரும்பியது. அரங்கம் முழுவதும் தலையில் கைவைத்துக்கொண்டு எழுந்தது. ஃபிதென்சியோவும் எழுந்தார். ஆனால் பந்துக்காக அல்ல. தொப்பியைச் சரிசெய்து, மடியில் கிடந்த வேர்க்கடலைத் தோலைத் தட்டிவிட்டு, மகளைப் பார்த்தார்.

"வா, போலாம்."

நோயெமிக்குக் கடிகாரம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அப்பா எழுந்தால் ஆட்டத்தில் பத்து நிமிடம் பாக்கி என்று அர்த்தம்.

"உக்காருங்கப்பா. ரெண்டு பக்கமும் இன்னும் ஒரு கோல்கூட விழல."

"கூட்டம் கெளம்பறதுக்கு முன்னாடி கெளம்பிடணும்மா."

ஆயுள் முழுக்க, அரங்கத்துக்கு வெளியே ஓடும் த்லால்பான் சாலையில் மினிபஸ் ஓட்டியவர். ஆட்டம் முடிந்து ஜனம் வெளியே கொட்டும்போது வண்டி உறுமிக்கொண்டு தயாராக நிற்க வேண்டும். வண்டியை விற்றுப் பல வருடம் ஆகிவிட்டது. கால்கள் மட்டும் அந்த வேலையை விடவில்லை. சிறுமியாக இருந்ததிலிருந்து அவரோடு இங்கே வருகிறாள் நோயெமி. கடைசி நேரக் கோல் ஒன்றைக்கூட அவள் கண்ணால் கண்டதில்லை. சுற்றிச் சுற்றி இறங்கும் சரிவுப் பாதையில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடும்போது, முதுகுக்குப் பின்னால் இடி மாதிரி ஒரு சத்தமாகத்தான் அவற்றைக் கேட்டிருக்கிறாள். "யாருப்பா போட்டது?" என்றால், "நாளைக்குப் பேப்பர்ல பாத்துக்கலாம், நட" என்பார்.

அதனால்தான் இந்த முறை டிக்கெட்டை அவளே வாங்கினாள். ஒரே நிபந்தனை, கடைசி விசில் வரை உட்கார வேண்டும். வீட்டில் அம்மா ஒஃபேலியா முன்னிலையில் அப்பாவும் சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தார்.

"தாத்தா, உக்காருங்க! மறைக்குது! கழுதைக் கறி என்ன கண்ணாடியா, அது வழியா ஆட்டம் தெரியறதுக்கு!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். முகம் முழுக்கப் பச்சை பூசிய குண்டு ஆசாமி.

"எவன்டா தாத்தா? உன் தொப்பைக்கு என் வயசு இருக்கும்!"

வரிசையே சிரித்தது. ஃபிதென்சியோ உட்கார்ந்தார். இரண்டு கடலையை உரித்துவிட்டு மகள் பக்கம் சாய்ந்தார்.

"நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதும்மா. வெளிய போனா காத்து வரும்."

நோயெமி சிரித்துவிட்டாள். "போன தடவ வயித்து வலி. அதுக்கு முந்தி மழை வருதுன்னீங்க, வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. இந்தத் தடவ நெஞ்சா?"

அவரும் சிரித்தார். கையும் களவுமாக அகப்பட்டவர் சிரிக்கிற சிரிப்பு.

"சரி. உன் டிக்கெட்டு, உன் சட்டம்." களத்தைக் காட்டினார். "அங்க பாரு, ஹொண்டுராஸ் பசங்களுக்கு எப்படி மூச்சு வாங்குதுன்னு. இவ்வளவு ஒசரத்துல நம்ம ஊருக் காத்து அப்படி. வெளியூர்க்காரன் தாங்க மாட்டான்."

நோயெமி களத்தைப் பார்த்தாள். ஆமாம், இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றுகொண்டிருந்தார்கள். சின்ன வயதில் செய்ததைப் போல, உரித்த கடலை நாலைந்தை அப்பா அவள் உள்ளங்கையில் போட்டார். கண்ணை எடுக்காமலே வாங்கி மூடிக்கொண்டாள்.

கூடுதல் நேரம். மூலையிலிருந்து ஓர் உதை. குள்ளமான ஒருவன் இரண்டு மலைகளுக்கு நடுவே எகிறித் தலையால் முட்டினான். வலை குலுங்கியது.

அதன்பின் எதுவும் காதில் விழவில்லை. பீர் மழையாகப் பெய்தது. பச்சை முகத்தான் பின்னாலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு குதித்தான். நோயெமி தொண்டை கிழியக் கத்தினாள். இத்தனை வருடமாக அவள் பார்க்க ஆசைப்பட்டது கோலை மட்டுமல்ல, கோல் விழும்போது அப்பாவின் முகத்தை.

"அப்பா! பாத்தீங்களா!"

திரும்பினாள். அவர் உட்கார்ந்தே இருந்தார். கண்கள் களத்தின் பக்கம். வாய் லேசாகத் திறந்திருந்தது. தாடையிலிருந்து பீர் சொட்டியது. துடைக்கவில்லை.

"என்ன தாத்தா! போயிருந்தா இது கெடைக்குமா?" பச்சை முகத்தான் அவர் தோளைத் தட்டினான். தட்டிய கை அங்கேயே நின்றது. மறுகணம், "டாக்டர்! யாராவது டாக்டரக் கூப்பிடுங்க!" என்று அலறிக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினான்.

முதலுதவிக்காரர்கள் அவரைப் படியில் கிடத்தி நெஞ்சை அழுத்தினார்கள். வெகுநேரம் அழுத்தினார்கள். பிறகு அவர்களில் ஒரு பெண் நிமிர்ந்து, கீழே விழுந்திருந்த தொப்பியை எடுத்து அவர் மார்பின் மேல் வைத்தாள்.

கடைசி விசில் எப்போது ஊதினார்கள் என்று நோயெமிக்குத் தெரியாது. கூட்டம் பாடிக்கொண்டு இறங்கியது. பக்கத்தில் வந்ததும் பாட்டை நிறுத்தி, சிலுவைக்குறி போட்டுக்கொண்டு விலகியது. பச்சை முகத்தான் போகவில்லை. கைகளை விரித்துக்கொண்டு நின்றான். "இந்தப் படி வேணாங்க, அந்தப் பக்கமாப் போங்க." அவன் முகத்துப் பச்சை கன்னத்தில் வழிந்து கலைந்திருந்தது.

கைபேசி அடித்தது. அம்மா.

எப்போதும் ரயில் நிலையத்திலிருந்து அப்பாதான் கூப்பிடுவார். அதைக் கேட்டுத்தான் அம்மா போசோலேச் சூப்பை மறுபடி அடுப்பில் ஏற்றுவாள்.

"பாத்தேன்டி, டிவில பாத்தேன்! நான் கத்துன கத்துல பக்கத்து வீட்டு நாய் ஓடிப் போயிடுச்சு! உங்கப்பாவ எப்படிடி கட்டிப் போட்ட? போனே பண்ணல அந்த மனுஷன். நான் சட்டிய அடுப்புல ஏத்தவா, வேணாமா?"

நோயெமி அப்போதுதான் கையைத் திறந்தாள். கடலை வியர்வையில் நனைந்து அப்படியே இருந்தது.

"ஏய், அந்தக் கோலப் பாத்தாரா, இல்லையா?"

"தெரியலம்மா."

"என்னடி தெரியல? பக்கத்துலதானே இருந்தாரு?"

"கூட்டம் கெளம்பறதுக்கு முன்னாடியே... கெளம்பிட்டாரும்மா."