அளவெடுத்து வாங்கிய மெத்தை

"வண்டிக்குள்ள படுக்கிறதா? இந்த ஜென்மத்துக்கு நான் படுத்தது போதும்" என்று சொல்லிவிட்டு லாரிக்காரர் சாப்பிட்ட தட்டோடு எழுந்துவிட்டார். பேச்சு அத்தோடு முடிந்துவிட்டதாக அவர் நினைப்பு. அவர் மனைவிக்கோ இப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

லாரிக்காரர் என்பது பழைய பட்டம். லாரியை விட்டு இறங்கி வீட்டோடு வந்தாகிவிட்டது. ஆனாலும் தெருவில் யாரும் அந்தப் பட்டத்தை அவரிடமிருந்து பிடுங்கவில்லை. கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவள் தெருமுனையில் பெண்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருந்தாள். அவர் சரக்கை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன காலமெல்லாம் அவள் கத்தரியோடு ஒரு நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அளந்து பார்த்தால் இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான் போயிருப்பார்கள். என்ன, அவர் மலையும் ஆறும் பார்த்தார், இவள் பின்னந்தலைகளைப் பார்த்தாள்.

தப்பு அவர் மேல்தான். ஒவ்வொரு தடவை வீடு திரும்பும்போதும் அந்த ஏரியைப் பற்றிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். மலைப்பாதையில் ஒரு வளைவு, வளைவைத் தாண்டினால் ஏரி, விடிகிற நேரத்தில் தண்ணீர் மேல் பனிமூட்டம் பால் பொங்குகிற மாதிரி எழும்பும் என்று சொல்லிச் சொல்லி அவள் மனசில் ஆசையை வளர்த்தவர் அவரே. பக்கத்தில் தங்க விடுதி கிடையாது. விடியலில் ஏரியைப் பார்க்க வேண்டுமென்றால் முந்தின நாளே போய் வண்டிக்குள் படுத்துக் கிடக்க வேண்டும். அதற்காகவே அவள் பின்சீட்டு மடங்கித் தரையோடு தரையாகிற கார் ஒன்றைப் பழசாகப் பார்த்து வாங்கினாள். ஓட்டவும் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுத்தவர் லாரிக்காரர். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து அவர் கால் வீங்கியதுதான் மிச்சம்.

எல்லாம் கூடி வந்த பிறகு மனுஷர் வரமாட்டேன் என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்? ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். தேநீர்க் கோப்பையை மேசையில் வைக்கும்போது தேவைக்கு மேல் சத்தம் வந்தது. கடைசியில் அவரே இறங்கி வந்தார்.

"இங்க பாரு. லாரியில படுத்துப் படுத்து என் முதுகு போயே போச்சு. வண்டியில எனக்குத் தூக்கமே வராது, அது உனக்குப் புரியாது. சரி, இப்படி வச்சுக்குவோம். நம்ம கட்டடத்துக்குப் பின்னாடியே காரை நிறுத்து. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அதுக்குள்ள நான் நல்லாத் தூங்கி, யாரும் எழுப்பாம நானா எழுந்தேன்னா ஏரிக்கு வர்றேன். இல்லேன்னா இந்தப் பேச்சையே மறுபடி எடுக்கக் கூடாது."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நான் என்னிக்கு மாறினேன்?"

அது உண்மை. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆள். அதுதான் இப்போது வம்பு. தோற்றால் ஏரி போச்சு.

முதல் மெத்தை இரவல். மாடி வீட்டில் இருந்த நாத்தனார் கொடுத்தாள். அவளுக்கு ரேடியோ என்று பேர். காலையில் அவள் காதில் எதைப் போட்டாலும் மத்தியானத்துக்குள் தெரு முழுக்க ஒலிபரப்பாகிவிடும். "காத்தடைக்கிற மெத்தை அண்ணி, மேகத்துல மிதக்கிற மாதிரி இருக்கும்" என்று சொல்லி, பம்பை வைத்து உஸ் உஸ்ஸென்று அவளே அடித்தும் கொடுத்தாள்.

மிதந்தது என்னவோ நிஜம். லாரிக்காரர் கனத்த உடம்புக்காரர். அவர் ஒரு பக்கம் புரண்டபோது மறுபக்கம் படுத்திருந்த மனைவி எழும்பிப் போய்க் கார்க் கூரையைத் தொட்டுவிட்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் எங்கேயோ ஊசி முனை ஓட்டையில் காற்று இறங்க ஆரம்பித்தது. மேகம் மெல்ல மெல்ல வற்றி, கடைசியில் இரண்டு பேரும் கார்த்தரையில் மல்லாந்து கிடந்தார்கள். ஜன்னலில் ரேடியோவின் முகம் தெரிந்தது.

"எப்படிண்ணே இருக்கு?"

"உன் மேகம் மழையாப் பெஞ்சு முடிஞ்சிருச்சு" என்றார் அவர்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பாவமாக இருந்திருக்க வேண்டும். "இன்னொரு தடவை. அதோட சரி" என்றார்.

இந்தத் தடவை அவள் யாரையும் நம்பவில்லை. முதலில் அளவு எடுத்தாள். அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக் கட்டிலில் கண்ணயர்ந்திருந்தபோது டேப்போடு பூனை மாதிரி உள்ளே போனாள். அவர் எப்போதும் போல ஒருக்களித்து, முழங்கால் இரண்டையும் வயிற்றோடு சேர்த்து, கட்டிலின் ஓரத்தில் சுருண்டு கிடந்தார். ஒரு கை தலையணைக்கு அடியில். அந்தக் கையில் வீட்டுச் சாவி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கோலம்தான். "சாவியைக் கட்டிக்கிட்டீங்களா, என்னைக் கட்டிக்கிட்டீங்களா?" என்று எத்தனையோ தடவை கேலி பண்ணியிருக்கிறாள். உச்சந்தலையிலிருந்து கால் கட்டைவிரல் வரை, கிடந்த கோலத்திலேயே அளந்தாள். வியாபாரப் புத்தி. அந்த நீளத்துக்கு மெத்தை போதும் என்றால் கால்மாட்டில் அடுப்புப் பெட்டி வைக்க இடம் மிச்சமாகும். நிற்கும்போது அவர் எவ்வளவு உயரம் இருந்தால் என்ன, மெத்தையில் யார் நிற்கப் போகிறார்கள்?

கூடாரம், முதுகுப்பை எல்லாம் விற்கிற பெரிய கடை அது. அங்கே இருந்த விற்பனைப் பெண்ணுக்குப் பொறுமை ஜாஸ்தி. மூடியைத் திறந்தால் தானாகவே மூச்சிழுத்துக் கொழுக்கிற மெத்தை, மூன்றாக மடிக்கிற நுரை மெத்தை, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்கிற மெலிசு என்று எல்லாவற்றையும் தரையில் விரித்துப் போட்டாள். முடிவெட்டுகிறவள் ஒவ்வொன்றிலும் விழுந்து, ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, தலைக்கடியில் கையைக் கொடுத்துச் சுருண்டு பார்த்தாள். கூடாரம் வாங்க வந்தவர்கள் கூடாரத்தை விட்டுவிட்டு இவளை வேடிக்கை பார்த்தார்கள்.

"நீங்க இப்படித்தான் படுப்பீங்களாம்மா?" என்று கேட்டாள் விற்பனைப் பெண்.

"நான் நல்லாத்தான் படுப்பேன். எங்க வீட்டுக்காரர் இப்படி."

"அப்ப மெலிசு வேண்டாம். ஒருக்களிச்சுப் படுக்கிறவங்களுக்கு இடுப்பும் தோளும் அழுந்தித் தரையில முட்டும். இந்த நுரை மெத்தையைப் பாருங்க. மேல மெத்துனு இருக்கும், அடியில கெட்டி. பக்கத்துல இருக்கிறவங்க புரண்டாலும் ஆடாது. கீழ இருந்து குளிரும் ஏறாது."

அதில் சுருண்டதும் அவளுக்கே எழுந்திருக்க மனசு வரவில்லை. இதுதான் என்று முடிவாகிவிட்டது. நீளமானது, குட்டையானது என்று இரண்டு இருந்தன. டேப்பைப் பிடித்துப் பார்த்துக் குட்டையானதைத் தட்டிக் காட்டினாள்.

"வீட்டுக்காரர் உயரம் கம்மியாம்மா?"

"நின்னா நிலைப்படியில தலை இடிக்கும். படுத்தா இவ்வளவுதான்."

அந்தப் பெண் ஒரு மாதிரி பார்த்தாள். "வீட்டுல படுத்துப் பாருங்க. சரிப்படலைன்னா கொண்டு வாங்க, மாத்திக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாம் தயாரானது. மெத்தை கச்சிதமாக உட்கார்ந்தது. கால்மாட்டில் அடுப்பும் பாத்திரங்களும் அடங்கிய பெட்டி, அதன் மேல் கெட்டில். லாரிக்காரர் உள்ளே ஏறினார், அமுக்கிப் பார்த்தார், ஒருக்களித்தார், சுருண்டார். "மெத்தை நல்லாத்தான் இருக்கு" என்றார். அது போதாதே, தூங்க வேண்டுமே. இந்தத் தடவை அவள் பக்கத்தில் படுக்கவில்லை. ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண் மூடியது. ஒரு சைக்கிள் போனது, கண் திறந்தது. மறுபடி மூடியது. எங்கேயோ ஒரு கதவு அடித்துக்கொண்டது, கண் திறந்தது. பூனை ஒன்று சும்மா நடந்து போனது. பூனை நடந்தால் சத்தமா வரும்? அதற்கும் திறந்தது. இது தேறாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ஏரி கண்ணெதிரே வற்றிக்கொண்டிருந்தது. அப்போதுதான் தலையணைக்கு அடியில் இருந்த அந்தக் கையைக் கவனித்தாள். முஷ்டி இறுகியிருந்தது.

"கார்ச் சாவியையா பிடிச்சிட்டிருக்கீங்க?"

"ம்."

"எதுக்கு?"

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வண்டியில படுத்தா ஒரு காது முழிச்சிருக்கணும். அசந்தா டீசலை உறிஞ்சிருவான், தார்ப்பாயைக் கிழிச்சிருவான். சரக்கு போச்சுன்னா யாரு பதில் சொல்றது? சாவி கையில இருந்தா எழுந்த உடனே வண்டியை எடுத்துரலாம்."

"இப்ப என்ன சரக்கு இருக்கு? ஒரு அடுப்பு, ஒரு கெட்டில்."

அவர் சிரித்தார். ஆனால் முஷ்டி பிரியவில்லை.

இவர் நிம்மதியாக ஊர் சுற்றுகிறார், நாம் நாற்காலியைச் சுற்றுகிறோம் என்று எத்தனை நாள் பொருமியிருக்கிறாள்! மனுஷர் ஒரு நாள்கூட முழுசாகத் தூங்கியதில்லை. வீட்டுக் கட்டிலில்கூட லாரிக்குள் கிடக்கிற மாதிரியே கிடந்திருக்கிறார். அது தெரியாமல் கேலி வேறு. தன் மேலேயே கோபம் வந்தது, அந்தக் கோபத்தில் குரலும் உயர்ந்தது.

"இங்க குடுங்க அதை."

"எதுக்கு?"

"வண்டி என்னோடது. ஓட்டப் போறது நான். சாவியும் எங்கிட்டதான் இருக்கணும். யாரு வந்தாலும் நான் பாத்துக்கறேன்."

"நீ தூங்கிருவே."

"வருஷக்கணக்கா நின்னுக்கிட்டே முழிச்சிருந்தவ, உக்காந்துக்கிட்டு முழிச்சிருக்க மாட்டேனா? குடுங்க லாரிக்காரரே!"

அவர் அவளையே பார்த்தார். பிறகு கையை நீட்டினார். சாவி வேர்வையில் நனைந்திருந்தது. அவள் அதைத் தன் பைக்குள் போட்டு, பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. முதலில் லேசாக, பிறகு முதல் கியரில் மேடேறுகிற லாரி கணக்காக. சேதி சேகரிக்க வந்த ரேடியோவை அவள் கண்ணாலேயே நிறுத்தினாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அன்று ரேடியோ ஒலியைக் குறைத்துக்கொண்டு ரகசியமாகக் கேட்டது: "தூங்கிட்டாரா அண்ணி?" அவள் தலையை ஆட்டினாள். சைக்கிள்கள் போயின, கதவுகள் அடித்தன, பூனை போன வழியே திரும்பி வந்தது. அவர் அசையவில்லை.

வெயில் சாய்கிற நேரம். உள்ளே ஏதோ அசைந்தது. அவர் புரண்டு மல்லாந்தார். மடங்கியிருந்த ஒரு கால் மெல்ல நீண்டது. அப்புறம் இன்னொன்று. நீண்டது, நீண்டது, மெத்தையைத் தாண்டியும் நீண்டு, முழு பலத்தோடு ஒரு சோம்பல் முறித்தது. அவ்வளவுதான். அடுப்புப் பெட்டி கவிழ்ந்து, கெட்டில் உருண்டு, பாத்திரங்கள் திறந்திருந்த பின்கதவு வழியாகத் தடதடவென்று சிமெண்டுத் தரையில் கொட்டின. கட்டடத்தின் ஜன்னல் எல்லாம் திறந்துகொண்டது. லாரிக்காரர் துள்ளி எழுந்து உட்கார்ந்தார்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. இவ்வளவு தூரம் வந்து ஒரு கெட்டிலால் தோற்றுப் போனாளே!

"என்ன மெத்தை வாங்கியிருக்கே நீ?" என்றார் அவர், காலைத் தடவிக்கொண்டே. "காலை நீட்ட இடம் இல்ல!"

ரேடியோ முழு ஒலிக்குத் திரும்பியது. "அண்ணே, சத்தம் கேட்டுத்தானே எழுந்தே? நீயா எழுந்திரிக்கலையே! அப்ப அண்ணி தோத்தாச்சு."

"யாரு சொன்னது? பெட்டியை உதைச்சது யாரு?"

"நீதான்."

"சத்தம் போட்டது யாரு?"

"அதுவும்... நீதான்."

"அப்புறம் என்ன? என்னை எழுப்பினது நான். யாரும் எழுப்பாம நானாத்தான் எழுந்தேன். போய் அந்தக் கெட்டிலைப் பொறுக்கு."

மனைவிக்கு இதெல்லாம் காதில் பாதிதான் விழுந்தது. மெத்தைக்கு வெளியே நீட்டிக் கிடந்த அவர் கால்களையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நீளமா இந்த மனுஷர்? இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்தும் இன்றைக்குத்தான் முழுசாகப் பார்க்கிறாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரேடியோ பார்ப்பதற்குள் துடைத்துக்கொண்டாள். அவர் சாவியைத் திருப்பிக் கேட்பார் என்று காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. ஏரிக்கு எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்றுதான் கேட்டார்.

மறுநாள் மெத்தையை மடித்துக் கடைக்குக் கொண்டுபோனாள். அதே பெண் இருந்தாள்.

"குட்டையாப் போச்சா? நான் அப்பவே நினைச்சேன். அளவுல எங்கேயோ தப்புப் பண்ணிட்டீங்கம்மா."

"அளவெல்லாம் சரியாத்தான் எடுத்தேன்" என்றாள் முடிவெட்டுகிறவள், நீளமான மெத்தையைத் தோளில் தூக்கிக்கொண்டே. "அதுக்கப்புறம் அவரு வளந்துட்டாரு."